வீடில்லாத கழகமும் கழகமில்லாத அரங்கும்

ஓர் ஊரின் நிலைமையை அறிய விரும்புவோர் அவ்வூர்க் கந்தோரின் ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. மாலை நான்கு மணிக்கு அவ்வூர் இளைஞர் எங்கே நிற்கின்றனர் என்று பார்த்தாற் போதும். நுரைச்சோலையிலும், அதன் அயலூர்களாகிய ஆலங்குடா, மாம்புரி, தலவில ஆகியவற்றிலும் வெயில் தாழ்ந்ததும் பந்து உருளத் தொடங்குகிறது. வெங்காயப் பாத்திக்கு நீர் இறைத்த கைகளும், வலை இழுத்த கைகளும், பள்ளிப் புத்தகம் சுமந்த கைகளும் ஓய்ந்த பின்பு கால்களுக்கு வேலை வருகிறது. புத்தளம் மாவட்டத்தின் இக்கரையோரத்தில் உதைபந்தாட்டத்தின் மீதுள்ள பற்றை எவரும் புதிதாய் ஊட்ட வேண்டியதில்லை. ஆனால், அப்பந்து உருளும் நிலம் யாருடையது?

இக்கேள்விக்கு நேரான விடை கிடைப்பது அரிது. ஒருவருடைய தோட்டத்தின் தரிசு மூலை, பள்ளிக்கூட வளவு, கடலோர மணற்பரப்பு என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே ஆடுகின்றனர். உடையவர் மனம் வைக்கும் வரை விளையாட்டு; அவர் வேலியடைத்த மறுநாள் கழகமும் கலைந்தது. இவ்வாறு வீடின்றி வாழும் கழகங்களைப் பற்றியும், அதற்கு நேர்மாறாகக் கழகமின்றி நிற்கும் அரங்குகளைப் பற்றியும், இவ்விரண்டும் ஒன்று சேராவிடின் ஒரு சமூகம் இழப்பது யாது என்பது பற்றியும் சிந்திக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

வீடும் கழகமும் ஒன்று சேர்ந்தால் விளைவது என்ன என்பதற்கு இந்தியாவிலேயே தலைசிறந்த சான்று உண்டு. இன்று கொல்கத்தா எனப்படும் கல்கத்தா நகரில் 1889ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆந் திகதி மோகன் பகான் கழகம் தோன்றிற்று. அந்நாளில் அந்நகரின் பெருவெளியாகிய மைதானம் கோட்டைப் படையின் ஆட்சிக்குட்பட்டது. அங்கே நல்ல புல்வெளிகள் வெள்ளையர் கழகங்களுக்கே உரியவையாக இருந்தன. 1905இல் வங்காளம் இரண்டாகத் துண்டாடப்பட்டது. மக்களின் உள்ளம் கொதித்துக் கொண்டிருந்த அக்காலத்திலே, 1911 ஜூலை 29ஆந் திகதி, ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதியாட்டத்தில் மோகன் பகான் வீரர் பதினொருவர் கிழக்கு யோர்க்‌ஷயர் படைப்பிரிவை எதிர்த்து இறங்கினர். பதின்மர் வெறுங்காலுடன் ஆடினர். ஒருவரே காலணி அணிந்திருந்தார். முதற் கோல் படையினருக்குக் கிடைத்தது. அணித்தலைவர் சிப்தாஸ் பாதுரி அதனைச் சமப்படுத்தினார். அபிலாஷ் கோஷ் அடித்த கோல் 2-1 என்ற வெற்றியைத் தேடித் தந்தது.

அவ்வாட்டம் நடந்தது வெள்ளையர் கழகமாகிய கல்கத்தா உதைபந்தாட்டக் கழகத்தின் மைதானத்தில். அதே மைதானமே பின்னாளில் மோகன் பகானின் வீடாயிற்று. ஆண்டவர் போயினர், அவர்தம் கழகத்தின் கூடாரங்களும் போயின, ஆனால் உறுப்பினர் பணமும் உழைப்பும் கொண்டு கட்டப்பட்ட கழகம் நின்றது. நிலம் இன்றும் பாதுகாப்புத் துறையின் பொறுப்பிலேயே உள்ளது. காகிதத்தில் அது படையினரின் நிலம். வங்காளி ஒருவனைக் கேட்டால் அது மோகன் பகானின் வீடு என்பான். 130 ஆண்டுகளுக்கு மேலாக வரவுசெலவு எழுதி, தேர்தல் நடத்தி, தோல்வியிலும் வெற்றியிலும் கூடி நின்ற ஒரு மக்கட் கூட்டத்தின் வலிமை அது.

கல்கத்தாவின் வரலாற்றில் நம் கரையோர மக்களுக்கு இன்னும் நெருங்கிய பாடம் ஒன்றுண்டு. 1920 ஆகஸ்டில் ஈஸ்ட் பெங்கால் கழகம் தோன்றிற்று. 1947இல் நாடு பிரிந்தபோது கிழக்கு வங்காளத்திலிருந்து வீடும் வயலும் இழந்து இலட்சக்கணக்கானோர் கல்கத்தா வந்து சேர்ந்தனர். ஒழுகும் கொட்டில்களில் ஒதுங்கிய அம்மக்களுக்கு முகவரியாக நின்றது அக்கழகமே. இழந்த ஊரின் பெயரை வாய்விட்டுக் கூவுவதற்கு அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. 1891இல் தோன்றிய முகமதன் ஸ்போர்ட்டிங் கழகமோ 1934 முதல் 1938 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கல்கத்தா லீக் பட்டத்தை வென்று, சிறுபான்மை மக்களுக்குத் தலைநிமிர்வைத் தந்தது. மூன்று கழகங்களும் ஒரே பெருவெளியில் அயல்வீட்டாராக வாழ்கின்றன.

அங்கே எல்லாம் நல்லதே நடந்தது என்று நாம் கூற வரவில்லை. 1980 ஆகஸ்ட் 16ஆந் திகதி மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய ஆட்டத்தில் கலகம் மூண்டு, ஈடன் தோட்ட அரங்கில் 16 பேர் உயிரிழந்தனர். கழகப் பற்று வெறியாக மாறினால் மைதானமும் மயானமாகும் என்பதற்கு அந்நாள் சாட்சி. அதே கழகங்களின் ஆதரவாளர் 2024 ஆகஸ்ட் 18ஆந் திகதி என்ன செய்தனர் என்பதையும் பார்க்க வேண்டும். மருத்துவமனையொன்றிற் பெண் மருத்துவர் ஒருவர் கொடுமையாகக் கொலையுண்டதை எதிர்த்து நகரம் கொந்தளித்த நாள்கள் அவை. அன்று நடைபெறவிருந்த ஆட்டத்தை அதிகாரிகள் நிறுத்திவிட்டனர். ஆட்டம் நின்றால் மக்கள் வீட்டிலிருப்பர் என்று எண்ணினர் போலும். ஆனால், பரம்பரைப் பகைவர் எனப்பட்ட கழகங்களின் கொடிகள் ஒரே தெருவில் ஒன்றாக உயர்ந்தன. நீதி கேட்ட குரலில் கழக வேறுபாடு காணப்படவில்லை. நெடுங்காலம் ஒன்று கூடிப் பழகிய மக்களாலன்றோ இது இயலும்?

மேலைத் திசையிலும் இத்தகைய சான்று உண்டு. 1899இல் தோன்றிய பார்சலோனாக் கழகம் கற்றலோனிய மக்களின் மொழிக்கும் மானத்திற்கும் அடையாளமாயிற்று. 1925 ஜூன் மாதத்தில் அக்கழகத்தின் லெஸ் கோர்ட்ஸ் மைதானத்தில் ஸ்பானிய அரச கீதம் ஒலித்தபோது கூட்டம் சீழ்க்கையடித்தது. சர்வாதிகார அரசு மைதானத்தை ஆறு மாதங்கள் மூடுமாறு கட்டளையிட்டது. மைதானத்தை மூடினர்; கழகத்தை மூட இயலவில்லை. 1957 செப்டெம்பரில் அதைவிடப் பெரிய காம்ப் நூ அரங்கு எழுந்தது. இன்றும் அக்கழகத்தின் உடைமையாளர் செல்வந்தர் ஒருவரல்லர். ஆண்டுச் சந்தா செலுத்தும் உறுப்பினரே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில், கோட்டைக்கும் பொது நூலகத்திற்கும் அண்மையில் துரையப்பா விளையாட்டரங்கு நிற்கிறது. மாநகர சபையின் உடைமை அது. நகர முதல்வராகவும் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய அல்பிரட் துரையப்பாவின் பெயரைத் தாங்குகிறது. அவர் 1975 ஜூலை 27ஆந் திகதி பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலருகே சுட்டுக் கொல்லப்பட்டார். 1981 ஜூனின் தொடக்கத்தில், அரங்கின் அயலிலேயே நூலகம் எரிந்து சாம்பலாயிற்று. போர் வந்தது. அரங்கு நெடுங்காலம் பேணுவாரற்றுக் கிடந்தது. 1999இல் அதனைப் புதுப்பிப்பதற்கு மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. இளைஞர் ஓடியாட வேண்டிய நிலத்தின் கீழே இளைஞரின் எலும்புகளோ என்று தாய்மார் பதைத்தனர். பின்னர், இந்திய அரசு அளித்த ஏறத்தாழ 7 கோடி இந்திய ரூபாய் உதவியுடன் அரங்கு செப்பனிடப்பட்டு, 2016 ஜூன் 18ஆந் திகதி திறந்து வைக்கப்பட்டது. இலங்கை ஜனாதிபதி யாழ்ப்பாணத்திலும், இந்தியப் பிரதமர் டெல்லியில் இருந்தவாறு காணொளி வாயிலாகவும் விழாவிற் பங்கு கொண்டனர்.

இவ்வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்கு ஒன்று புலப்படும். அரங்கைக் கட்டியவர், பெயர் சூட்டியவர், கைவிட்டவர், செப்பனிட்டவர், திறந்தவர் என ஒவ்வொரு கட்டத்திலும் ஆட்சியாளரின் கையே தெரிகிறது. யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்டத்திற்குப் பஞ்சமில்லை. புனித பத்திரிசியார் கல்லூரியும் இளவாலை புனித என்றியரசர் கல்லூரியும் வளர்த்த வீரர் பலர். கடற்கரையூர்க் கழகங்களின் ஆட்டத்தைக் காணக் கூடும் கூட்டமும் பெரிது. ஆயினும், “இது எங்கள் வீடு, இதன் சாவியை எங்களிடம் தாருங்கள்” என்று அந்த அரங்கைப் பார்த்து உரிமையோடு கேட்கும் கழகம் ஒன்று அதற்கு அமையவில்லை. கழகமொன்று இருந்திருந்தாற் போர் வந்திராது என்று நாம் சொல்லவில்லை. போரின் முன் கழகம் எம்மாத்திரம்? ஆனால், அழிவுக்குப் பின் திரும்பி வந்து, “இங்கே என்ன நடந்தது?” என்று கேட்பதற்கும், புல்லை மீண்டும் நடுவதற்கும், பழைய ஏடுகளைத் தேடி எடுத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதற்கும் ஓர் அமைப்பு இருந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தின் மற்றொரு மைதானத்தை நுரைச்சோலைக் கரையில் வாழ்வோர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானமே அது. 1990 ஒக்டோபர் 30ஆந் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை அங்கே வந்து கூடுமாறு விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். கூடியோர்க்கு இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டு வெளியேறுமாறு கட்டளை பிறந்தது. அம்மாதத்தில் வடமாகாணமெங்கும் இருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் 70,000க்கு மேற்பட்டோர். அவர்களுட் பெரும்பகுதியினர் புத்தளத்திலும் கற்பிட்டிக் குடாநாட்டிலும் தஞ்சம் புகுந்தனர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு மக்கட் கூட்டத்தைத் தமிழின் பெயராற் போராடியோரே துரத்திய அந்நாள், தமிழ் பேசும் மக்களின் அரசியலில் ஆறாத வடு. பந்தாடிய மைதானமே பலருக்குத் தம் ஊரில் மிதித்த கடைசி மண்ணாயிற்று. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று இக்கரையில் இரண்டாவது, மூன்றாவது தலைமுறையாக வளர்கின்றனர். கல்கத்தாவுக்கு வந்த கிழக்கு வங்காள மக்களுக்குக் கிடைத்தது போல் இவர்களுக்கும், இவர்களை ஏற்று நிலத்தையும் நீரையும் பள்ளிக்கூடத்தையும் பகிர்ந்துகொண்ட பழங்குடி மக்களுக்கும் பொதுவான ஒரு வீடு வேண்டாமா?

நுரைச்சோலையின் பெயரை இன்று நாடு முழுவதும் அறியும். கடலோரத்து லக்விஜய அனல் மின் நிலையம் 2011இல் தன் முதலாம் பிரிவையும், 2014இல் ஏனைய இரு பிரிவுகளையும் இயக்கத் தொடங்கியது. மூன்றும் சேர்ந்து 900 மெகாவாட் வலு. தீவின் மூலைமுடுக்கெல்லாம் விளக்கெரிகிறது. அவ்விளக்குக்காக மீனவர் கரையையும், தோட்டக்காரர் நிலத்தையும் இழந்தனர். நிலக்கரித் தூசி பற்றியும் சாம்பல் பற்றியும் இவ்வூரார் முறையிட்டு வருகின்றனர். மறுபுறத்தில் கற்பிட்டியை நோக்கிச் சுற்றுலா விடுதிகள் கரையோர நிலத்தை வளைக்கின்றன. களப்பின் பக்கம் இறால் பண்ணைகள் வந்தன. இருக்கும் மணலில் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் போட்டி போடுகின்றன. நிலத்தின் விலை ஏறும் ஊரில் முதலிற் காணாமற் போவது எது? யாருக்கும் வருமானம் தராத வெறுவெளிதான். மைதானத்துக்கென இன்று ஒதுக்காத நிலத்தைப் பத்தாண்டு கழித்து எவ்விலை கொடுத்தும் வாங்க இயலாது.

“வெங்காய விலை விழுந்து விவசாயி கண்ணீர் வடிக்கும் வேளையிற் பந்தாட்டத்துக்கு நிலமா?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி, கணக்கோடு விடை கூறுவோம். சர்வதேச அளவிலான உதைபந்தாட்டத் தளம் 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் உடையது. ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஏக்கர். சுற்றுவெளியும் நிழல் மரங்களும் சேர்ந்தால் மூன்று ஏக்கர் போதும். பளிங்குப் படிக்கட்டும் வானளாவிய விளக்குத் தூண்களும் நாம் கேட்கவில்லை. சமதளம், வேலி, கிணறு, உடை மாற்ற ஒரு கட்டிடம். பெண்பிள்ளைகளும் தயக்கமின்றி வந்து ஆடத்தக்க ஒழுங்கு. இவ்வளவே தொடக்கம். இதற்காக எந்த விவசாயியின் விளைநிலத்தையும் பறிக்க வேண்டியதில்லை. அரச காணியிலேயே இடம் காணலாம்.

நீரைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. இக்குடாநாட்டின் நன்னீர், மணலுக்கடியில் உவர்நீரின் மேல் மெல்லிய படையாய் மிதப்பது. அளவுக்கு மீறி இறைத்தாற் கிணறு உவராகும்; அளவுக்கு மீறி உரமிட்டால் அது மணலினூடே இறங்கிக் குடிநீரைக் கெடுக்கும். ஆகையால் நகரத்து அரங்குகளைப் பார்த்து நாள்முழுதும் நீர் தெளிக்கும் பச்சைக் கம்பளத்தை இங்கே விரிக்க முனைவது மடமை. உப்பையும் வரட்சியையும் தாங்கும் நம்மூர்ப் புல்லே போதும். எந்தப் புல் இம்மணலில் நிலைக்கும் என்பதை எந்திரிகளைவிட நன்கறிந்தவர் இங்குள்ள தோட்டக்காரரே. ஆதலால் மைதானத்தைப் பேணும் குழுவில் அவர்களுக்கு முதலிடம் வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியவை யாவை? முதலாவது, நிலம். கற்பிட்டிப் பிரதேச சபையும் பிரதேச செயலகமும் பொருத்தமான அரச காணியை அடையாளங் கண்டு, அளவைப் படம் வரைவித்து, விளையாட்டு மைதானமென்றே பதிந்து, பிரதேச சபையின் பொறுப்பில் ஒப்படைக்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் மக்களின் வசதியையும் நலனையும் பேணும் கடமையைச் சபைகள் மேற் சுமத்தியுள்ளது. 2023 மார்ச்சிற் சபைகளின் காலம் முடிந்து, ஈராண்டுகளுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகளின்றிக் கிடந்த நிலை, 2025 மே 6ஆந் திகதி நடந்த தேர்தலோடு நீங்கிற்று. வாக்குக் கேட்டு வாசற்படி ஏறியவர்கள் இதனைச் செய்து காட்டட்டும். வாய்மொழி அனுமதியில் நமக்கு நம்பிக்கையில்லை, உறுதி வேண்டும்.

இரண்டாவது, கழகம். மசூதிக்கு ஒன்று, தேவாலயத்துக்கு ஒன்று, வந்தவருக்கு ஒன்று, இருந்தவருக்கு ஒன்று என ஊர் பிரிந்து ஆடுவதைத் தடுக்க எவராலும் இயலாது, தடுக்கவும் வேண்டியதில்லை. ஆனால் மைதானத்தின் வீட்டுக் கழகம் எல்லோருக்கும் பொதுவானதாக இருத்தல் வேண்டும். தமிழ் பேசும் முஸ்லிமும் கத்தோலிக்கரும் இந்துவும், அயலிற் சிங்களம் பேசும் மீனவ இளைஞரும் ஒரே சட்டையை அணியும் அணி ஒன்று எழுமாயின், அதன் பயன் கோற்கணக்கோடு நின்றுவிடாது. உறுப்பினர் சந்தா சிறிதாயினும் எல்லோரும் செலுத்த வேண்டும். சந்தா கொடுத்தவனுக்கே கணக்குக் கேட்கும் துணிவு வரும். ஆட்சிக்குழுவை ஆண்டுதோறும் உறுப்பினரே தெரிய வேண்டும்.

இவ்விடத்தில் கற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். வைத்தியரும் ஆசிரியரும் சட்டத்தரணியும் பொறியியலாளரும் பரிசளிப்பு விழாவுக்கு மாலை சூடி வருவதோடு கடமை முடிந்ததாகக் கருதலாகாது. யாப்பு எழுதவும், காணி ஆவணங்களைச் சரிபார்க்கவும், வரவுசெலவைத் தணிக்கை செய்யவும் முன்வர வேண்டும். கழகங்கள் மடிவது பந்தில்லாமையால் அன்று. பெரும்பாலும் ஏடில்லாமையாலேயே மடிகின்றன. 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை விலக்கி வைத்தது. ஆகஸ்ட் மாத இறுதியிலேயே தடை நீங்கிற்று. நிருவாகச் சிக்கலால் நாடே ஆடமுடியாது நின்ற அந்நாள்கள், ஆடுகளத்துக்கு வெளியே நடக்கும் வேலையின் பெறுமதியை உணர்த்தவில்லையா? 1995இல் தெற்காசியத் தங்கக் கிண்ணத்தை இந்தியாவிடமிருந்து பறித்த நாடு இது. வீரம் நமக்குக் குறைவில்லை, ஒழுங்கே குறைவு.

மூன்றாவது, பெயர். உயிருடன் உள்ள எந்த அரசியல்வாதியின் பெயரும் அம்மைதானத்திற்கு வேண்டாம். பெயர்ப்பலகைக்காகத் தரப்படும் நன்கொடை, பலகையோடு பழுதாகும். 2020இல் வணிக நிறுவனமொன்றின் அணியோடு இணைந்து மோகன் பகானின் பெயருக்கு முன்னே வேறு எழுத்துகள் ஒட்டிக்கொண்டபோது, அதன் ஆதரவாளர் ஓயாது குரல் கொடுத்து 2023இல் அவ்வெழுத்துகளை நீக்கச் செய்தனர். பெயர் என்பது ஊராரின் உடைமை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். நமது மைதானத்திற்கும் ஊரின் பெயரே போதும்.

நான்காவது, மின் நிலையத்தின் கடன். நாட்டுக்கு ஒளி தரும் நிலையம், தன் தூசியைச் சுமக்கும் ஊருக்கு ஒரு வேலியையும் ஒரு கிணற்றையும் அமைத்துக் கொடுப்பது தருமமன்று. கொடுக்க வேண்டிய ஈட்டில் மிகச் சிறு பகுதி. அதனைப் பெற்றுக்கொள்வதால் தூசியையும் சாம்பலையும் பற்றிய முறைப்பாட்டை எவரும் கைவிட வேண்டியதில்லை. வாய்மூடுவதற்குக் கூலியாக மைதானம் வருமாயின் அம்மைதானம் நமக்கு வேண்டாம்.

அரங்குகள் அரசுகளின் ஆணையால் எழலாம், ஆணையால் மூடப்படலாம். கழகங்கள் அவ்வாறு எழுவதுமில்லை, எளிதில் மடிவதுமில்லை. மக்களை விரட்டுவதற்கு ஒரு மைதானம் பயன்பட்டதை நம் தலைமுறை கண்டது. மண்ணுக்கடியில் எலும்புகளை மறைப்பதற்கு ஓர் அரங்கு பயன்பட்டதையும் கண்டது. அம்மக்களின் பேரப்பிள்ளைகள் கூடி ஆடுவதற்கு இக்கரையில் மூன்று ஏக்கர் நிலம் கேட்கிறோம். கேட்பது பெரிதன்று, கொடாதிருப்பதே பெரும் பழி. பிரதேச சபையின் அடுத்த கூட்டத்தில் இதற்கு ஒரு தீர்மானம் வரட்டும். அதனைக் கேட்டுப் பெறும் பொறுப்பை இக்கரையோரத்துத் தமிழ் பேசும் மக்கள் யாவரும் ஏற்பாராக!